வெல்ஷ் வாங்காத கடிதம்

1802 பிப்ரவரி 11 அன்று தூத்துக்குடியிலிருந்து 'அட்மிரல் நெல்சன்' என்ற கப்பல் பினாங்குக்குப் புறப்பட்டது. அதில் எழுபதுக்கும் மேற்பட்ட கைதிகள். பாளையக்காரர் போரில் தோற்ற தரப்பில் தூக்குக் கயிற்றுக்குத் தப்பியவர்கள் அவர்கள். விதிக்கப்பட்ட தண்டனை, ஆயுள் முழுக்க நாடு கடத்தல். அவர்களில் ஒருவன் சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி. பதினைந்து வயது இருக்கும். அதற்குச் சில மாதம் முன்புதான், 1801 அக்டோபர் 24 அன்று, அவனுடைய தந்தையையும் பெரியப்பா பெரிய மருதுவையும் சிவகங்கைச் சீமையின் திருப்பத்தூரில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை தூக்கிலிட்டிருந்தது.

துரைச்சாமியின் கதை தெற்கத்தி மக்கள் பலருக்குத் தெரியும். இந்தச் சொற்பொழிவு தொடங்குவது, தூத்துக்குடியில் அவனைக் காவல் காத்த அதிகாரியிடமிருந்து. அவர் பெயர் ஜேம்ஸ் வெல்ஷ். சிறு வயதிலேயே சென்னைப் படையில் சேர்ந்து நாற்பது ஆண்டுக்காலம் இந்தியாவில் போரிட்டவர். 1830இல் லண்டனில் 'மிலிட்டரி ரெமினிசென்சஸ்' என்று இரண்டு தொகுதிகளாகத் தன் நினைவுகளை வெளியிட்டார். பாஞ்சாலங்குறிச்சியைப் பற்றியோ மருதிருவரைப் பற்றியோ எழுதும் எவரும் அந்த நூலைப் புரட்டாமல் இருக்க முடியாது. கோட்டையின் அளவுக்கும் படையின் எண்ணிக்கைக்கும் அதைப் படித்தவர்கள் நிறைய. ஒரு படைவீரனின் மனம் என்ன பாடுபடுகிறது என்று பார்க்க அதைப் படித்தவர்கள் குறைவு.

1795 பிப்ரவரியில் வெல்ஷ், இருபது வயது இளைஞராக, சின்ன மருதுவின் அரண்மனைக்குப் போயிருக்கிறார். காவலாள் ஒருவர்கூட இல்லாத வாசல், யார் வேண்டுமானாலும் வந்து போகலாம் என்ற தாராளம், வீட்டுக்கு அனுப்பிவைத்த நல்லரிசி, பழங்கள் எல்லாவற்றையும் அவர் நினைவு வைத்திருந்து எழுதுகிறார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவருக்கு முதன்முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான். ஆறு ஆண்டுகள் கழித்து அதே மனிதரைக் காட்டு விலங்கை விரட்டுவதுபோல் விரட்டும் படையில் வெல்ஷ் இருந்தார். தொடையெலும்பு முறிந்து மருது சிறையில் கிடந்ததைப் பார்த்தார். பிறகு தூக்குமரத்தில் தொங்கியதையும் பார்த்தார். வளரி கற்ற நாளையும் தூக்குமரத்தையும் அவர் ஒரே மூச்சில் எழுதுகிறார். அவருக்கு இரண்டும் பிரியவில்லை.

அந்த மருதுவின் மகன்தான் தூத்துக்குடியில் அவருடைய காவலில் வந்து சேர்ந்தான். வெல்ஷுக்கு அவன்மேல் பிரியம் உண்டானது. தன்னால் ஆன சிறு சலுகைகளைக் காட்டினார். கப்பல் போனது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1818இல், உடல்நலம் தேடி வெல்ஷ் பினாங்குக்குப் போனார். ஒருநாள் தனியே உட்கார்ந்திருந்தபோது, தளர்ந்துபோன கிழவர் ஒருவர் உள்ளே வந்து கைகட்டி நின்றார். கண்ணில் நீர். பெயரைக் கேட்டார் வெல்ஷ். துரைச்சாமி என்று பதில் வந்தது. கணக்குப் பார்த்தால் அப்போது துரைச்சாமிக்கு முப்பத்திரண்டு வயதுகூட நிறைந்திருக்காது. ஊரில் மிஞ்சியிருக்கும் உறவினருக்கு ஒரு கடிதம் கொண்டுபோக முடியுமா என்பதுதான் அவன் வேண்டுகோள். விதிகள் அதற்கு இடம் தரவில்லை. வெல்ஷ் அந்தக் கடிதத்தை வாங்கவில்லை. துரைச்சாமியின் பெயரைக் கேட்டபோது நெஞ்சில் கத்தி இறங்கியதுபோல் இருந்தது என்று அவர் எழுதிவைத்தது, கப்பல் புறப்பட்டு 28 ஆண்டுகள் கழித்து வந்த புத்தகத்தில்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் நகரக் கூடாது. நாடிழந்து, குடும்பம் இழந்து, முப்பது வயதில் கிழவனானவன் துரைச்சாமி. வெல்ஷின் வருத்தம் அவனுடைய இழப்புக்கு ஈடாகாது. படைவீரனின் மனச்சுமையைப் பற்றிப் பேசும்போது, அந்தச் சுமையின் எடையில் பாதி அவன் கையால் துன்பப்பட்ட மக்களின் எடை என்பதை மறந்தால் பேச்சு பொய்யாகிவிடும். ஆனால் அந்த எடை அவன்மேல் இருக்கிறது என்பதும் உண்மை. எழுதியவர் அதை மறைக்கவில்லை.

இதே வெல்ஷைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்ப் புரட்சி வெடித்து அடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் பாளையங்கோட்டைப் படைக்குத் தலைமை ஏற்றிருந்த வெல்ஷ், இங்கும் சதி நடக்கிறது என்ற பேச்சை நம்பி, முஸ்லிம் சிப்பாய்களை நிராயுதபாணியாக்கிக் கோட்டையை விட்டு வெளியே அனுப்பினார். அளவுக்கு மீறி நடந்துகொண்டார் என்று ராணுவ நீதிமன்றம் அவரை விசாரித்தது, பிறகு விடுவித்தது. துரைச்சாமிக்காக இரங்கிய நெஞ்சுதான் தன்னோடு ஒரே அணியில் நின்ற சிப்பாய்களைக் கண்டு கிலி பிடித்து நடுங்கியது. போரில் ஊறிய மனம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. இரக்கமும் சந்தேகமும் அதில் ஒன்றாகவே குடியிருக்கின்றன. வீட்டில் ஒரு முன்னாள் படைவீரர் இருக்கும் குடும்பங்களுக்கு இது புதிதாக இருக்காது. பேரப்பிள்ளையின் காய்ச்சலுக்கு இரவெல்லாம் கண்விழிக்கும் அதே மனிதர், கதவை யாரோ தட்டிய சத்தத்துக்குக் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்பார்.

போர் முடிந்தும் போர்க்களம் மனதை விட்டுப் போகாத நிலையை மருத்துவம் புரிந்துகொள்ள வெகுகாலம் ஆனது. 1915 பிப்ரவரியில் சார்லஸ் மையர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரை, 'ஷெல் ஷாக்' என்ற பெயரை மருத்துவ உலகில் பரப்பியது. குண்டு வெடிக்கும் அதிர்வில் மூளை கலங்குகிறது என்றே அப்போது பலர் நினைத்தார்கள். குண்டே விழாத இடத்தில் இருந்தவர்களுக்கும் கை நடுங்கியது, பேச்சு அற்றுப்போனது. அதற்கு விளக்கம் இல்லாதபோது கோழைத்தனம் என்று முத்திரை குத்தினார்கள். முதல் உலகப் போரில், ஓடிப்போனது, கோழையாக நடந்தது போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டன் தன் வீரர்கள் 306 பேரைத் தானே சுட்டுக் கொன்றது. அவர்களுக்கு மன்னிப்பு கிடைத்தது 2006இல். தொண்ணூறு ஆண்டுகள் அந்தக் குடும்பங்கள் தலைகுனிந்து வாழ்ந்தன.

வியட்நாம் போருக்குப் பிறகுதான், 1980இல், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதைத் தன் நோய்ப் பட்டியலில் 'பிடிஎஸ்டி' என்று சேர்த்தது. கெட்ட கனவு, திடுக்கிடல், நடந்தது மறுபடியும் கண்முன் நடப்பதுபோன்ற அனுபவம், யாரோடும் ஒட்டாமல் ஒதுங்குதல் ஆகியவை அதன் குறிகள். இது பெரும்பாலும் அச்சம் விட்டுச்சென்ற காயம். பாஸ்டன் நகரில் வியட்நாம் வீரர்களுக்கு வைத்தியம் பார்த்த ஜோனதன் ஷே, இதற்குள் அடங்காத ஒன்றைக் கண்டார். 1994இல் அவர் எழுதிய 'அக்கிலீஸ் இன் வியட்நாம்' என்ற நூல், ஹோமரின் காவிய வீரனையும் தன் நோயாளிகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறது. தலைமையில் இருப்பவர்கள் நியாயத்தைக் கைவிட்டார்கள் என்ற உணர்வு, உயிர் பயத்தைவிட ஆழமாக மனிதனைக் குலைக்கிறது என்றார் அவர். 2009இல் பிரெட் லிட்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் இதை விரித்தார்கள். தானே செய்தது, பிறர் செய்ததைத் தடுக்கத் தவறியது, பார்த்துக்கொண்டு நின்றது ஆகிய மூன்றும் மனிதனின் அறவுணர்வைக் காயப்படுத்தும் என்பது அவர்கள் சொன்னது. அச்சத்தால் காயப்பட்டவர் சத்தத்துக்குத் திடுக்கிடுவார். அறவுணர்வு காயப்பட்டவர் பிள்ளை வந்து மடியில் உட்கார்ந்தால் கூசிப்போவார். தனக்கு அதற்கு அருகதை இல்லை என்று நினைப்பார். வெல்ஷுக்கு இருந்தது இந்த இரண்டாவது.

காயப்பட்ட வீரனை ஊர் எப்படி வைத்துப் பார்த்தது என்பதற்கும் இதே மண்ணில் சான்று இருக்கிறது. 1801 மே 24 அன்று பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தது. அதற்கு முன் மார்ச் 31 அன்று நடந்த தாக்குதலில் கம்பெனிப் படை பலத்த அடி வாங்கித் திரும்பியிருந்தது. இறந்த அதிகாரிகளின் கல்லறைகள் இன்றும் அந்தப் பக்கம் இருக்கின்றன. கோட்டை விழுந்த அன்று, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை காயத்தோடு வழியில் விழுந்து கிடந்தார். பிணங்களுக்கு நடுவே தன் மகனைத் தேடி வந்த ஒரு தாய், உயிர் ஊசலாடிய மகனைக் கண்டாள். அவன் தன்னை விட்டுவிட்டுப் பக்கத்தில் கிடக்கும் சாமியைக் காப்பாற்றச் சொன்னான். அவள் ஊமைத்துரையை வீட்டுக்குத் தூக்கிப்போனாள். கம்பெனியின் பக்கம் நின்று தேடி வந்த எட்டயபுரத்து ஆட்கள் கண்ணில் படாமல் இருக்க, பெண்கள் அவரைத் துணியால் மூடி, அம்மை கண்டு செத்த பிள்ளை என்று ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் ஓடிப்போனார்கள். இதையும் எழுதிவைத்தது எதிர்ப்படையில் இருந்த வெல்ஷ்தான்.

சங்க காலத்துப் புறப்பாடல்களில் இதற்கு இன்னும் பழைய சாட்சி உண்டு. போரில் புண்பட்டு வந்தவன் கிடக்கும் வீட்டின் கூரையோரத்தில் வேப்பிலை செருகுவார்கள், வெண்கடுகு புகைப்பார்கள், மணி ஒலிப்பார்கள், காஞ்சிப் பண் பாடுவார்கள். மனைவி இரவு முழுக்கக் கண்விழித்துக் காவல் இருப்பாள். பேய் அண்டாமல் இருக்க என்பது அவர்கள் நம்பிக்கை. இரவில்தான் அவனை எதுவோ வந்து பிடிக்கிறது, அப்போது அவனைத் தனியே விடக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைய மனநல மருத்துவர் எவரும் அதை மறுக்கமாட்டார். நடுகல் நட்டு இறந்தவனை வணங்கியதைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசுகிறோம். உயிரோடு திரும்பியவனுக்கு இரவெல்லாம் பாடியதைப் பற்றிப் பேசுவது குறைவு.

முத்துக்குளிக்க இறங்குபவருக்கு மேலே தோணியில் கயிறு பிடிக்கும் ஆள் மைத்துனராக இருக்க வேண்டும் என்று இந்தத் தூத்துக்குடிக் கரையில் சொல்வதுண்டு; தங்கையின் தாலி தன் கையில் இருக்கிறது என்று அறிந்தவன் அசரமாட்டான் என்பது காரணம். கடைசியாக 1961இல் இங்கே முத்துக்குளித்தல் நடந்தது. அந்தத் தொழில் போய்விட்டாலும் அந்தப் பொறுப்பு எப்படிப்பட்டது என்பது இந்த ஊருக்குத் தெரியும். படைவீரன் விஷயத்தில் கயிற்றை யார் பிடிக்கிறார்கள்?

அண்மைக்காலப் போர் ஒன்றை வைத்து இந்தக் கேள்வியைப் பார்க்கலாம். 1987 ஜூலை 29 அன்று இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாளே இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணத்தில் இறங்கத் தொடங்கியது. மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். பத்தே வாரத்தில், அக்டோபரில், அந்தப் படை விடுதலைப் புலிகளோடு முழுப் போரில் இறங்கியது. அக்டோபர் 11ஆம் தேதி இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரிலிருந்து வீரர்களை இறக்கினார்கள். திட்டம் புலிகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. பதின்மூன்றாவது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியைச் சேர்ந்த 30 பேர் இறங்கியதும் ஹெலிகாப்டர்கள் குண்டடி பட்டு, மேற்கொண்டு ஆள் கொண்டுவர முடியாமல் போயிற்று. மிச்சப் படை வரும் என்று அந்த 30 பேரும் காத்திருந்தார்கள். 29 பேர் இறந்தார்கள். ஒருவர் மட்டும் உயிரோடு பிடிபட்டார். அந்த ஒருவரின் மனதைப் பற்றி யோசிக்க வேண்டும். மறுபடி வர முடியாமல் பலாலித் தளத்தில் நின்ற விமானிகளின் மனதைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

அடுத்த பத்து நாளில் நடந்ததைச் சொல்வது இன்னும் கடினம். அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நுழைந்த இந்தியப் படையினர் சுட்டதில், இரண்டு நாளில், நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர், ஊழியர் என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கையைத் தூக்கிக்கொண்டு வந்து பேச முயன்ற மருத்துவரும் இறந்தவர்களில் ஒருவர். உள்ளேயிருந்து சுட்டார்கள் என்பது படைத்தரப்பின் வாதம். உயிர் தப்பிய ஊழியர்களின் வாக்குமூலங்கள் அதை ஏற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளை நினைவுகூர்கிறார்கள். இந்தியாவில் அதைப் பற்றி வெளிப்படையான பொறுப்பேற்பு இன்றுவரை இல்லை. ஒரு நாடு ஒப்புக்கொள்ளாத செயலை, அந்த வளாகத்தில் அன்று நின்ற தனி மனிதர்கள் மட்டும் வாழ்நாள் முழுக்கச் சுமக்கிறார்கள்.

அந்தப் படையில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பட்டாலியன்களும் இருந்தன. பஞ்சாபிலிருந்து வந்த வீரருக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு தாய் போட்ட கூச்சல் கூச்சலாகக் கேட்டது. கோவில்பட்டியிலிருந்தோ நாங்குநேரியிலிருந்தோ போன வீரருக்கு அது சொற்களாகக் கேட்டது. மொழிபெயர்க்க ஆள் தேவைப்படாமலே கெஞ்சலும் சாபமும் புரிந்தன. வீட்டுச் சுவரில் அதே முருகன் படம். முற்றத்தில் அதே மாதிரி கோலம். இந்த வேறுபாட்டைப் பற்றி ராணுவ வரலாற்று நூல்கள் பேசுவதில்லை. பேச வேண்டியது தமிழில் எழுதுபவர்களின் கடமை.

அழைத்த இலங்கை அரசே 1989இல் இந்தியப் படையை வெளியேறச் சொன்னது. ஏறத்தாழ 1,200 வீரர்களை இழந்து, சுமார் 3,000 பேர் காயப்பட்டு, 1990 மார்ச் 24 அன்று கடைசி அணி திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு அன்றைய முதல்வர் மு. கருணாநிதி போகவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க இயலாது என்பது அவர் சொன்ன காரணம். யாழ்ப்பாணத்தில் நடந்ததை எண்ணினால் அந்தக் கோபத்தைக் குறைசொல்ல முடியாது. தமிழ்நாடு முழுக்க அந்தக் கோபம் இருந்தது. ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம், முடிவு எடுத்தவர்களின் அலுவலகமாக இருக்கவில்லை. ட்ரங்க் பெட்டியோடு ரயிலேறிச் சாத்தூரிலும் கோவில்பட்டியிலும் இறங்கிய சிப்பாயிடம் அது போய்ச் சேர்ந்தது. போனது அமைதி காக்கவா, போர் செய்யவா என்று அவருக்கே தெளிவில்லை. ஜெயித்தார்களா என்று கேட்டவர்களுக்கும் பதில் இல்லை. எங்கே இருந்தீர்கள் என்று கேட்டால் 'நார்த்துல போஸ்டிங்' என்று பேச்சை மாற்றத்தான் தோன்றும். அதே போரில் 1987 நவம்பர் 25 அன்று உயிர்நீத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்கரம் கிடைத்தது. அவர் பெயர் பாடப்புத்தகத்தில் இடம்பெறலாம். உயிரோடு வந்தவருக்கு இங்கே ஒரு இடம் யாரும் யோசித்து வைக்கவில்லை.

இறந்த இந்திய வீரர்களுக்குப் பெரிய நினைவுத் தூண் எழுப்பியது இலங்கை அரசு, கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில். டெல்லியில் தேசியப் போர் நினைவகம் 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்டபோது அவர்களின் பெயர்கள் அங்கும் கல்லில் ஏறின.

கடலுக்கு அந்தப் பக்கத்துச் சுமையை இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் தனியாக வைத்துப் பார்க்க முடியாது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்திலேயே அங்கே வேலை பார்த்தவர். 1998இல் வெளிவந்த அவருடைய 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' நூல், போர் ஒரு தனி மனிதனை மட்டும் உடைப்பதில்லை, ஊரையே உடைக்கிறது என்பதை நோயாளிகளின் வழியாகக் காட்டியது. துப்பாக்கி தூக்கிய சிறுவர்களின் மனமும் அதில் வருகிறது. எதிர்ப்பக்கத்து இலங்கை ராணுவத்திலிருந்து பல்லாயிரம் பேர் ஓடிப்போனார்கள். திரும்பத் திரும்பப் பொதுமன்னிப்பு அறிவித்தும் பெரும்பாலோர் திரும்பவில்லை. 2009 மே மாதம் போர் முடிந்த பிறகு, புலிகள் இயக்கத்தில் இருந்தவர்கள் என்று சுமார் 12,000 பேரைப் புனர்வாழ்வு முகாம்களில் வைத்தார்கள். வெளியே வந்தவர்களைப் படையும் கண்காணித்தது, சொந்த ஊரும் சந்தேகத்தோடு பார்த்தது. முன்னாள் பெண் போராளிகளின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்குத் திருமணம் பேசவே பல வீடுகள் தயங்கின.

பதின்வயதில் அந்த இயக்கத்தில் சேர்ந்து பிறகு வெளியேறிப் பிரான்சில் அகதியான ஷோபாசக்தி, 'கொரில்லா' நாவலை எழுதினார். பின்னர் 'தீபன்' என்ற பிரெஞ்சுப் படத்தில், பாரிஸ் புறநகர் ஒன்றில் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பராமரிக்கும் முன்னாள் புலியாக நடித்தார். 2015இல் கான் திரைப்பட விழாவின் மிக உயர்ந்த விருதான தங்கப்பனை அந்தப் படத்துக்குக் கிடைத்தது. போரை விட்டுவிட்டு வந்ததாக நினைக்கும் மனிதனை, அந்நிய நாட்டுத் தெருச்சண்டை ஒன்று மறுபடியும் போர்வீரனாக்குகிறது. தப்பி வந்தவர்கள் எல்லோரும் அப்படி ஆவதில்லை. அந்த அச்சத்தோடு வாழ்பவர்கள் நிறைய.

தூத்துக்குடி மாவட்டத்தில் இந்த இரு தரப்பும் ஒரே மண்ணில் வாழ்கின்றன. எட்டயபுரத்தை அடுத்த தாப்பாத்தியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போகிறார்கள். ஒரே சந்தையில் காய்கறி வாங்கும் இரண்டு பேரில் ஒருவர் யாழ்ப்பாணத்துக்குப் போன சிப்பாயாகவும், மற்றவர் அந்தப் படைக்குப் பயந்து பதுங்குகுழியில் கிடந்தவராகவும் இருக்க வாய்ப்பு உண்டு. இருவரும் இதுவரை பேசிக்கொண்டதற்கு எழுத்தில் ஒரு பதிவும் கண்ணில் படவில்லை. நம் ஊரில் நடக்க வேண்டிய மிக முக்கியமான உரையாடல் அது என்பது இங்கே முன்வைக்கும் கருத்து.

இனி இன்றைய நிலை. இந்தியச் சிப்பாய் பெரும்பாலும் நாற்பது வயதுக்கு முன்பே ஓய்வு பெற்றுவிடுகிறார். ஊருக்கு வந்ததும் பேங்க் வாசலிலோ, அனல்மின் நிலையத்திலோ, துறைமுகத்துக் குடோனிலோ செக்யூரிட்டி வேலை. பனிமலையில் தனியே காவல் நின்றவருக்கு இங்கே நைட் ஷிப்ட்டில் தனியே காவல். தூக்கம் வராதவருக்கு அந்த வேலை வசதியாகவும் இருக்கிறது. அதனாலேயே தூக்கம் வராத நோய் யார் கண்ணிலும் படாமல் போகிறது. ராணுவக் கேன்டீனில் மது மலிவு. மருந்தாகத் தொடங்கிய குடி நோயாகிவிடும். வெளியில் 'மிலிட்டரிக்காரருக்கு முன்கோபம்' என்று சிரித்துக்கொண்டு சொல்வார்கள். உள்ளே மனைவிக்குத் தெரியும், தூங்கும்போது அவரைத் தொட்டு எழுப்பக் கூடாது, தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று.

பணியில் இருப்பவர்களின் நிலையைச் சொல்ல ஒரு கணக்குப் போதும். 2022 ஜூலையில் மாநிலங்களவையில் அரசு தந்த பதிலின்படி, ஐந்து ஆண்டுகளில் முப்படைகளிலும் 819 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். தரைப்படையில் மட்டும் 642. களத்தின் அழுத்தம் ஒரு பக்கம். கிடைக்காத லீவு, ஊரில் நிலத்தகராறு, கடன், பிள்ளையின் படிப்பு, போனில் கேட்கும் வீட்டுச் சண்டை ஆகியவை இன்னொரு பக்கம். இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு வேலிச் சண்டையைத் தீர்க்க முடியாத இயலாமை, துப்பாக்கி கையில் இருக்கும் மனிதனை என்ன செய்யும் என்று யோசித்தால், பட்டாவில் ஒரு திருத்தமும் மனநல சிகிச்சைதான் என்பது விளங்கும்.

மனநோய் என்றாலே நம்மவர்களுக்கு உள்ள கூச்சம் இந்தச் சுமையை இரட்டிப்பாக்குகிறது. இதே கடற்கரையில், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் காப்பகம் என்ற பெயரில் நடந்த கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சட்டங்கள் மாறின. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொல்கிறது. ஆனாலும் 'பைத்தியக்கார டாக்டரிடம் போனான்' என்ற பேச்சுக்குப் பயந்து போகாமலே இருக்கும் வீரர்கள் எத்தனையோ. எல்லையில் குண்டுக்கு அஞ்சாதவரைத் திண்ணைப் பேச்சு அஞ்ச வைக்கிறது.

வைத்தியம் இருக்கிறது. நடந்ததைப் பாதுகாப்பான முறையில் மறுபடி எதிர்கொள்ளப் பழக்கும் உளவியல் சிகிச்சைகளால் பலருக்குப் பெரிய அளவில் குணம் தெரிகிறது. அதே நேரம், எல்லாவற்றையும் கொட்டிவிடு, சொல்லு சொல்லு என்று அதிர்ச்சி அடைந்தவரைத் துளைப்பது உதவாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் வழிகாட்டியது. அவர் பேசத் தொடங்கும் நாளில் கேட்க ஆள் இருந்தால் போதும். 14416 என்ற 'டெலி-மானஸ்' எண் 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. தமிழிலும் பேசலாம், இரவிலும் பேசலாம், கட்டணம் இல்லை. 2023 டிசம்பரில் படைவீரர்களுக்கென்றே புனேயில் உள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் தனிப் பிரிவு திறந்தார்கள். இந்த எண்ணைப் படைவீரரிடம் கொடுப்பதைவிட அவர் மனைவியிடம் கொடுப்பது பலன் தரும்.

இந்த ஊரில் உடனே செய்யக்கூடியவை சில உண்டு. முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டம் கோரம்பள்ளத்தில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கிறது. பென்ஷன், பட்டா, வேலைவாய்ப்பு ஆகியவற்றுக்கு மனு வாங்குகிறார்கள். அதே கூடத்தின் ஓரத்தில், தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து ஒரு மனநல ஆலோசகர், பலகை எதுவும் வைக்காமல், உட்காரலாம். பட்டா மனுவோடு வருபவரிடம் தூக்கம் எப்படி என்று விசாரிக்கலாம். கூட வரும் மனைவியிடம் தனியாகப் பேசலாம். புதிய கட்டடமோ புதிய திட்டமோ இதற்கு வேண்டாம்.

இன்னொரு வேலை, கேட்டுப் பதிவுசெய்வது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் பல ஆண்டுகளாக மக்களின் வாய்மொழியைத் திரட்டிவருகிறது. அந்த அனுபவம் உள்ளவர்கள், யாழ்ப்பாணத்துக்குப் போன தென் மாவட்டச் சிப்பாய்களின் நினைவுகளையும், தாப்பாத்தி முகாமில் இருப்பவர்களின் நினைவுகளையும், விரும்பினால் பெயர் மறைத்து, தனித்தனியே பதிவுசெய்யலாம். ஒருவரை இன்னொருவர் மன்னிக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இதில் கூடாது. மருத்துவமனையில் நடந்ததைச் சொல்ல முன்வரும் வீரர் இருந்தால், அதைக் கேட்கும் மனத்திடம் பதிவுசெய்பவருக்கு வேண்டும். அந்தப் பதிவு யாழ்ப்பாணத்திலும் படிக்கக் கிடைக்க வேண்டும். 1987இல் இருபத்திரண்டு வயதில் பலாலியில் இறங்கிய சிப்பாய்க்கு இப்போது அறுபதுக்கு மேல் ஆகிறது. அந்தப் படையில் சுபேதாராக இருந்தவர்களுக்கு எண்பது ஆகிவிட்டது. பதிவை அவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.